பெயரைக் காப்பதா, பிள்ளைகளைக் காப்பதா?



நம் பேரையூர் வட்டாரத்தில் பல வீடுகளின் சுவரில் தொங்கும் பட்டச் சான்றிதழில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முத்திரையைக் காணலாம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1978இல் காமராசரின் பெயரைப் பெற்றது அது. மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் பலர், அதன் கல்லூரிகளிலும் அஞ்சல்வழிக் கல்வியிலும் பயின்றே வேலைக்குப் போனார்கள். அந்தப் பெயரின்மேல் நமக்குப் பற்று இருப்பது இயல்பு. நன்றியறிதல் நல்ல குணமே.

அந்தப் பற்று 2018 ஏப்ரலில் சோதிக்கப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்த அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, பல்கலைக்கழக உயர் அதிகாரிகளுக்கு இணங்கும்படி மாணவியரைத் தொலைபேசியில் தூண்டிய உரையாடல் வெளியாயிற்று. மதிப்பெண்ணும் பணமும் ஆசை காட்டப்பட்டன. அந்த மாணவியர் இணங்க மறுத்தார்கள், பேச்சைப் பதிவு செய்தார்கள், புகாரும் அளித்தார்கள்.

அந்நாட்களில் நான் கேட்ட பேச்சுகள் இருவகை. அங்கே படித்தவர்கள், "நம் பல்கலைக்கழகத்தின் பெயர் கெட்டுவிட்டதே, இதை இப்படி ஊரறியச் செய்ய வேண்டுமா?" என்று வருந்தினார்கள். வேறிடத்தில் படித்தவர்களோ, "அந்தப் பட்டத்துக்கு இனி என்ன மதிப்பு?" என்று நகைத்தார்கள். இருவரும் பேசியது பெயரைப் பற்றியே. அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

பிரியமானவர்களே, உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். இதே செய்தி நீங்கள் படிக்காத ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்தால், இதே பதிலைத்தான் சொல்லியிருப்பீர்களா? பதில் மாறுமானால், அங்கே தீர்ப்புச் சொல்வது உங்கள் மனச்சாட்சியன்று, உங்கள் பற்று.

உண்மை வெளிப்படப் பொறுமையும் வேண்டும். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2024 ஏப்ரலில், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அப்பேராசிரியைக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட, பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவரை விடுவித்தது. மூடி மறைக்க விரும்பியவர்களுக்கும், விசாரணைக்கு முன்னே எல்லோரையும் குற்றவாளியாக்கியவர்களுக்கும் இதில் பாடம் உண்டு.

எரேமியா 7ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆலயத்தின் பெயரை மும்முறை சொல்லி, அதுவே தங்களுக்குப் பாதுகாப்பு என்று நம்பிய ஜனங்களை, ஆலய வாசலிலேயே நின்று தீர்க்கதரிசி கண்டிக்கிறார். அவர் அந்நியர் அல்லர். ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். எனினும் அவரைக் கொல்ல வேண்டுமென்று முதலில் எழும்பியவர்களுள் ஆசாரியர்களும் இருந்தார்கள் என்று 26ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்த நகரத்துக்காக அழுதவரும் அவரே. குற்றத்தைச் சொன்னவர் துரோகி அல்லர். அந்த இடத்தை அதிகமாய் நேசித்தவர்.

நாளை நம் சபையைப் பற்றியோ, நம் பள்ளி, விடுதியைப் பற்றியோ ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "வெளியே தெரிந்தால் சாட்சி கெடுமே" என்பது நம் முதல் வார்த்தையாக இராதிருப்பதாக. அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, முழுவதும் கேளுங்கள். உரிய அதிகாரிகளிடம் துணையாகச் செல்லுங்கள். நம் சபையின் நற்பெயருக்கு நாம் செய்யக்கூடிய மெய்யான ஊழியம் அதுவே.

ஜெபம்: ஆண்டவரே, எங்களை வளர்த்த இடங்களை உண்மையோடு நேசிக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.