தலை முதலில் வரட்டும்

அன்று கோலா செபெத்தாங்கிலிருந்து சுங்கை சிப்புட் வீடு வரை அப்பா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் தைப்பிங்கில் தேநீர் குடிக்கக் காரை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. நீ போய்க் குடி என்று கையால்தான் சொன்னார். கோபம் என்மேல். படகின் விளிம்பு வரை வந்துவிட்ட ஒரு சியாக்காப் மீனை, கையில் வலை இருந்தும், விட்டுவிட்டேன்.

இது போன வருடக் கதை. அப்பாவுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தோட்டத்து லாரி ஓட்டிய காலத்திலிருந்து தூண்டில்தான் அவருக்கு எல்லாம். அம்மா ஒரே நிபந்தனை போட்டார்: "இவள் கூட வந்தா போங்க. இல்லேன்னா சாவியை என்கிட்ட குடுங்க." நான் கோலாலம்பூரில் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். வார இறுதியில் தூங்கிக் கழிக்க வேண்டியவள். அப்படித்தான் படகில் ஏறினேன்.

முன்பெல்லாம் ஒரு கையில் கோலும் மறு கையில் வலையுமாக அவரே குனிந்து மீனை அள்ளிவிடுவார். இப்போது குனிந்தால் மூச்சு வாங்குகிறது. அதனால் வலை என் கைக்கு வந்தது. நீண்ட பிடி, வட்டக் கம்பி, அதில் தொங்கும் பை. மலாய்க்காரர்கள் இதைத் தங்குக் என்பார்கள். எங்கள் பாட்டி அத்தாங்கு என்பார். பார்க்கப் பூச்சி பிடிக்கும் வலை போல இருக்கும். மீனைப் பின்னாலிருந்து துரத்தி, ஒரே வீச்சில் அள்ளப் பார்த்தேன். அப்பா அன்று போட்டிருந்தது பொய் மீன்; அதன் வயிற்றில் இரண்டு மும்முனைக் கொக்கிகள். ஒரு கொக்கி மீன் வாயில், இன்னொன்று என் வலையின் வெளிப்பக்கத்தில். மீன் வலைக்கு வெளியே தொங்கியது. ஒரு தடவை தலையை உதறியது. அவ்வளவுதான்.

இந்த மார்ச்சில் அவரே கூப்பிட்டார். "வர்றியா?" என்று மட்டும் கேட்டார்.

கோலா செபெத்தாங்குக்குப் போகாதவர்களுக்காக: தைப்பிங்கிலிருந்து மாத்தாங் வழியாகக் கடலை நோக்கிப் போனால், சாலை முடிகிற இடம். பழைய பெயர் போர்ட் வெல்ட். நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த பிரெடரிக் வெல்டின் பெயர். மலாயாவின் முதல் ரயில் 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்குக்கும் இந்த ஊருக்கும் இடையில்தான் ஓடியது, ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர. தண்டவாளம் போட்டதில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்டவாளம் இப்போது இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைத்தெருவில் நிற்கிறது. அதில் மற்ற மொழிகளோடு தமிழிலும் ஊர்ப் பெயர் இருக்கிறது. அப்பா ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுவிட்டுத்தான் படகுத்துறைக்கு நடப்பார். ஏன் என்று கேட்டதில்லை.

ஊரைச் சுற்றி மாத்தாங் சதுப்புநிலக் காடு, ஏறத்தாழ 40,000 ஹெக்டர். நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் திட்டமிட்டு வெட்டி, திரும்ப நட்டு வளர்க்கிற காடு இது. முப்பது வருடம் வளர்ந்த பாக்காவ் மரம் கரிச் சூளைக்குப் போகிறது. செங்கல் சூளைகளின் புகைவாசம் படகில் ஏறிய பிறகும் சட்டையில் இருக்கும். ஆற்றுமுகம் நோக்கிப் போகப் போக வீடுகள் தீர்ந்து, இருபக்கமும் வேர்கள்தான். மேலே செம்பருந்துகள். முகத்துவாரத்தில் கோலா சங்கா என்ற சீனர்களின் மீனவ கிராமம் தண்ணீர் மேல் கால் ஊன்றி நிற்கிறது.

படகோட்டி எழுபதை நெருங்கும் சீனர். அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கம். நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். எங்களோடு பேசுவது மலாயில். போன முறை நடந்ததை அவரும் பார்த்தவர். ஒரு சிற்றாற்று வாயில் நங்கூரம் போட்டு, அப்பா உயிர் இறாலைக் கொக்கியில் கோத்துக்கொண்டிருந்தபோது, அங்கிள் வலையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"ஜங்ஙான் கெஜார்" என்றார். துரத்தாதே.

அடுத்த ஒரு மணி நேரம் மீன் கடிக்கவில்லை. பாடம் நடந்தது. அவர் சொன்னதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன், நிகழ்ச்சிக்கு உதவும் என்று.

மீனுக்குப் பின்பக்கமாக வேகமாக நீந்தத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் பாய்வது. வாலில் வலைக்கம்பி பட்டால் முன்னால் பாயும். முன்னால் கடல்தான் இருக்கிறது. தலை முதலில் வலைக்குள் வந்தால், மிரண்டு பாய்ந்தாலும் வலையின் அடிக்குத்தான் போகும். "கெப்பாலா டூலு" என்று தன் மொட்டைத் தலையைத் தட்டிக் காட்டினார். முதலில் தலை.

அதனால் மீனை வலைக்குக் கொண்டுவருவது வலைக்காரரின் வேலை அல்ல. கோல் பிடிப்பவரின் வேலை. வலைக்காரர் வலையைத் தண்ணீருக்குள் சாய்வாக இறக்கி, அசையாமல் வைத்திருக்க வேண்டும். கம்பியின் முன்விளிம்பு ஒரு முழமாவது ஆழத்தில் இருக்க வேண்டும். கோல் பிடிப்பவர் கோலை உயர்த்தி, பின்னால் சாய்ந்து, மீனை அந்த விளிம்புக்கு மேலாக இழுத்து வருவார். பாதி மீனைக் கண்டதும் அள்ளக் கூடாது. மீனின் நடுப்பகுதி கம்பியைத் தாண்டிய பிறகுதான் கம்பியை மேலே கொண்டுவர வேண்டும். அந்த நொடியில் கோல்காரர் இழையைத் தளர்த்திவிட வேண்டும். பலர் இதைத்தான் மறக்கிறார்கள் என்றார். இழை இழுத்துப் பிடித்தபடியே இருந்தால் மீன் தலை வலைக்கு மேலேயே தொங்கும். தளர்ந்தால் அடியில் விழும்.

அதற்கு முன் செய்யவேண்டியவையும் உண்டு. காய்ந்த நைலான் வலை தண்ணீரில் மிதக்கும். முன்கூட்டியே நனைத்து வைக்க வேண்டும். நீரோட்டம் இருந்தால் பை உப்பிக்கொண்டு பிடியையே இழுக்கும், சில சமயம் உள்வெளியாகத் திரும்பிவிடும். அதனால் பையின் நுனியைப் பிடியோடு சேர்த்து விரலால் அழுத்தி வைத்திருந்து, கடைசியில் விட வேண்டும். மீன் பக்கவாட்டில் சாயும் வரை வலையைக் காட்டவே கூடாது. படகைப் பார்த்ததும் ஒருமுறை, வலையைப் பார்த்ததும் ஒருமுறை என்று அது ஓடும். பெரிய மீன்கள் தொலைவில் அறுத்துக்கொண்டு போவதைவிடப் படகடியில் போவதுதான் அதிகமாம். அங்கே இழை குட்டையாகிவிடுகிறது. நீள இழைக்கு இருக்கும் இழுபடும் தன்மை அதற்கு இருப்பதில்லை. ரீலின் டிராக்கைச் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டிய நேரமும் அதுதான்.

"இன்ஜின் பக்கம் வந்தால்?" என்று கேட்டேன்.

"அது என் வேலை. நீ எழுந்து நிற்காதே" என்றார். இரண்டு பேரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் சம்பான் என்ன செய்யும் என்பதைக் கையைக் கவிழ்த்துக் காட்டினார். வலைக்காரர் மண்டியிட வேண்டும்.

இந்தப் பாடத்தில் எனக்குக் கடினமாகத் தெரிந்தது அசையாமல் இருப்பது. வானொலியில் இரண்டு நொடி மௌனம் விழுந்தால் எங்களுக்கு வியர்த்துவிடும். எதையாவது சொல்லி இட்டு நிரப்பித்தான் பழக்கம். ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதற்கு என் பட்டப்படிப்பில் பாடம் இல்லை.

நீர் வடியத் தொடங்கிய பிறகு, பத்தரை மணி வாக்கில், அப்பாவின் கோல் நுனி இரண்டு முறை தலையாட்டியது. பிறகு மொத்தமாக வளைந்தது.

சியாக்காப் என்றால் நமக்குச் சீனர் கடையில் இஞ்சியோடு ஆவியில் வெந்து வரும் தட்டு அளவு மீன்தான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் கொடுவா என்பார்கள். ஆற்றில் வளர்ந்த பெரிய சியாக்காப் வேறு பிராணி. முதல் ஓட்டத்திலேயே ரீல் கத்தியது. ஐம்பது அடி தள்ளித் தண்ணீரை உடைத்துக்கொண்டு எழுந்து, வாயைத் திறந்து, தலையை இடமும் வலமும் உதறியது. அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போல இருக்கும். இழையையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். அப்பா கோலைத் தாழ்த்தி இழைக்கு இடம் கொடுத்தார். மீன் விழுந்தது. இழை இருந்தது.

நான் மீனைப் பார்க்கவில்லை. அப்பாவின் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, அங்கிள்கிட்ட குடுங்கப்பா" என்றேன். பதில் இல்லை. "மூச்சு வாங்குதா?" "பேசாம வலையைப் பாரு" என்றார். ஒரு வருடத்துக்குப் பிறகு அதே குரல். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் ஓடியது மனத்தில். அங்கிள் எதுவும் சொல்லாமல் நங்கூரக் கயிற்றை ஒதுக்கி, இன்ஜினைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவைத்தார். இரண்டு முறை மீன் வேர்களை நோக்கிப் போனது. இரண்டு முறையும் அப்பா கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, தலையைத் திருப்பினார். நேராக இழுக்கவே இல்லை. பலம் குறைந்தவர் பெரிய மீனோடு எப்படிப் பேச வேண்டும் என்று அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது.

பதினைந்து நிமிடம் இருக்கும். கலங்கிய தண்ணீரில் முதலில் ஒரு வெளிச்சம். பிறகு முதுகு. படகைப் பார்த்தது, ஓடியது. திரும்ப வந்தது. பக்கவாட்டில் சாய்ந்தது.

மண்டியிட்டு வலையை இறக்கினேன். பையின் நுனியை விரலில் பிடித்திருந்தேன். மீன் இரண்டு கை தூரத்தில் கிடக்கிறது, கண் சிவப்பாக மின்னுகிறது. அள்ளிவிடலாம், எட்டும். என் தோள் தானாக முன்னால் போனது.

"துங்கு" என்றார் அங்கிள் பின்னாலிருந்து. பொறு.

பொறுத்தேன். அப்பா ஓர் அடி பின்னால் வைத்து, கோலைத் தலைக்கு மேலே உயர்த்தினார். மீனின் தலை கம்பியின் மேலாக வந்தது. செவுள் வந்தது. முதுகுத் துடுப்பு வந்தது. விரலை விட்டுப் பையைத் திறந்து, கம்பியை உயர்த்தினேன். அப்பா இழையைத் தளர்த்தினார். மீன் வலையின் அடியில் விழுந்து, பாய்ந்து, அதே அடியில் போய் முட்டியது.

உடனே தூக்கப் போனேன். பிடி வில்லாக வளைந்தது. "போ டிரி!" என்று கத்தினார் அங்கிள், அதாவது நிமிர்த்து என்ற பொருளில் எதையோ. அது என்ன சொல் என்று இன்றும் எனக்குத் தெரியாது, ஆனால் புரிந்தது. கனமான மீனை மண்வெட்டியில் மண் தூக்குவதுபோல் தூக்கினால் அலுமினியப் பிடி முறியும். பிடியைச் செங்குத்தாக நிமிர்த்தி, என் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் கம்பி வளையத்தையே பற்றித் தூக்க வேண்டும். தூக்கினேன். மீனும் நானும் சேர்ந்து படகுக்குள் விழுந்தோம்.

அங்கிள் ஈரத்துணியால் மீனின் கண்ணை மூடினார். அடங்கிவிட்டது. தராசு ஆறரை கிலோ காட்டியது. அப்பா உட்கார்ந்துகொண்டார். முகம் வெளுத்திருந்தது. தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். குடித்துவிட்டு, மீனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "கொஞ்சம் பதறிட்ட, கடைசியில" என்றார். எங்கள் வீட்டில் பாராட்டு இந்த வடிவத்தில்தான் வரும்.

"சிம்பான் கா, லெப்பாஸ்?" என்று அங்கிள் கேட்டார். வைத்துக்கொள்வதா, விடுவதா? இப்போது விடுகிற ஆட்கள் நிறைய வருகிறார்களாம். அவர்கள் ரப்பர் வலை வைத்திருக்கிறார்கள். மீனின் மேல் வழவழப்பையும் செதிலையும் நைலான் முடிச்சுபோல் அது சுரண்டாது, கொக்கியும் அதில் சிக்காது. விலை மட்டும் மூன்று மடங்கு.

அப்பா யோசிக்கவே இல்லை. "அம்மா கேப்பா" என்றார். ஐஸ் பெட்டியில் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கரையேறி இறால் மீ சாப்பிட்டோம். திரும்பும் வழி முழுக்க அவர்தான் பேசினார். தைப்பிங்கில் இறங்கித் தேநீரும் குடித்தார்.

மீனை அரிந்தபோது வயிறு நிறையச் சினை. அம்மா ஒரு நிமிடம் கத்தியை வைத்துவிட்டு நின்றார். பிறகு அதையும் தனியாக எடுத்து மிளகுப் பொரியலாக்கினார். தலைக்கறிக்குப் பக்கத்து வீட்டிலிருந்தும் கிண்ணம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து, மீன் பற்றி நிகழ்ச்சியில் பேசுவதற்காகப் படித்தேன். சியாக்காப் மீன்கள் பெரும்பாலும் ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. சில வருடம் வளர்ந்த பிறகு பெண்ணாக மாறுகின்றன. ஆகவே ஆற்றில் பெரிதாக இருப்பவை ஏறக்குறைய எல்லாம் பெண். முகத்துவாரத்து உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகள் சதுப்புக்காட்டு வேர்களுக்குள் வந்து வளரும். ஒரு பெரிய பெண் மீனின் சினையில் இருப்பது லட்சக்கணக்கான முட்டைகள்.

அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். மறுமுனையில் மௌனம். இந்த முறை நான் அதை இட்டு நிரப்பவில்லை. கடைசியில் "அப்படியா" என்றார். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

போன வாரம் வீட்டுக்குப் போனபோது கார் நிறுத்தும் இடத்தில் புது வலை ஒன்று தொங்கியது. கறுப்பு ரப்பர் வலை. விலைச்சீட்டு இன்னும் பிடியில் இருந்தது. "என்னப்பா, இவ்வளவு விலை குடுத்து?" என்று கேட்டேன்.

"நைலான்ல கொக்கி மாட்டுது" என்றார். "நீதான் அன்னைக்குப் பாத்தியே."