எங்கள் கிணற்று நீர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

ஆம்பூருக்கு அருகே, பாலாற்றங்கரையில் உள்ளது எங்கள் ஊர். தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான்.

சென்ற பருவத்தில், எங்கள் கிணற்று நீரை ஒரு புட்டியில் கொண்டுவந்து, பேராசிரியரின் அனுமதியோடு வெள்ளி நைட்ரேட்டால் தரம் பார்த்தேன். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காவிடில் 1,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பியூரெட்டில் கரைசல் இறங்கிக்கொண்டே இருந்தது. செங்கல் நிறம் தோன்றியபோது கணக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

தோல் அழுகாமலிருக்கத் தூவும் உப்பு, கழுவும் நீரோடு வெளியேறுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு உப்பை நீக்குவதில்லை. 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1996இல், எங்கள் பகுதி வழக்கிலேயே, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆலைக் கழிவை அளக்க விதி உண்டு. எங்கள் கிணற்றை அளக்க இதுவரை எவரும் வந்ததில்லை.

வீட்டில் சொன்னேன். "நாக்குக்குத் தெரிஞ்சதைத்தானே உன் கண்ணாடிக் குழாயும் சொல்லுது?" என்றாள் அம்மா. அப்பா பேசாமல் சாப்பிட்டார்.

ஆலையை மூடுங்கள் என்று எழுத என் கை எழவில்லை. அந்தச் சோற்றில்தான் படிக்கிறேன். கிணற்றையும் அளந்து பாருங்கள் என்றே கேட்கிறேன்.