பதுளைப் பதிவறை மிஸ்ஸுக்கு



தமிழ் பேச வரும், படிக்க வராது என்று, நான் உங்கள் பதிவறைக்கு வந்த அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அதனால்தான் இந்த மடலைப் பத்திரிகையில் எழுதுகிறேன். கச்சேரியில் யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.

கூடலூரிலிருந்து வந்தவன் என்று சொன்னால் நினைவு வரும். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பம் எங்களுடையது. கொழுந்து பறிக்கையில் கட்டும் சாக்குப் படங்கைப் பதுளையில் அவிழ்த்து, நீலகிரியில் மறுபடி இடுப்பில் கட்டினார்கள். அவ்வளவுதான் ஊர் மாற்றம்.

அப்பாயியுடைய ஆத்தாளின் சாவுப் பதிவைத் தேடி வந்த என் கையில் தேதியும் இல்லை, ஆண்டும் இல்லை. எங்கள் அப்பாயி சொல்லிவிட்டுப் போன ஒரு பேச்சு மட்டும் இருந்தது. "எங்காத்தா செத்தது பெரிய காய்ச்ச வருசம். அப்ப பதுளைக்கு ரயிலு வரல. எனக்குப் பல்லு மொளைக்கல." இதை உங்கள் மேசை முன் நின்று ஒப்பித்தபோது பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். நீங்கள் ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டீர்கள். பதுளைக்கு ரயில் வந்தது 1924-இல். அதற்கு முன்னால் பெரிய காய்ச்சல் என்றால் 1918, 1919-இல் உலகத்தையே வாரிக்கொண்டு போன இன்புளுவென்சா. "ரெண்டு வருசப் புத்தகம் பார்த்தால் போதும்" என்றீர்கள். ஒரு கிழவியின் பேச்சை அரசாங்க அலுவலகத்தில் ஒருவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து, எந்தத் தோட்டம் என்றீர்கள். அப்பாயி சொன்ன பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. துரைமார் தங்கள் ஊர்ப் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தார்கள். எங்கள் ஆட்கள் பழைய கங்காணி பெயரையோ, ஆற்றையோ, மரத்தையோ சொல்லிக் கூப்பிட்டார்கள். பெர்குசன் கைநூல் என்ற விவரத்திரட்டின் பழைய பதிப்புகளில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களும் உண்டு என்று வழிகாட்டினீர்கள். தேடிப் பார்த்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று அந்தப் பெயரோடு கிடைத்தது.

பெயரைக் கடைசியாகப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஏட்டைத் திறந்த பிறகுதான் விளங்கியது. தோட்டத்துச் சாவைத் துரை அறிவிப்பார், பதிவாளர் ஆங்கிலத்தில் எழுதுவார். கருப்பாயி போன்ற ஒரு பெயர் 'கே' எழுத்திலும் இருக்கலாம், 'சி' எழுத்திலும் இருக்கலாம். காதில் விழுந்தபடி குருப்பி ஆகியும் இருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது தோட்டம், வயது, தகப்பன் பெயர்.

அந்தக் காய்ச்சல் மாதங்களின் பக்கங்களைப் புரட்டும்போது நாம் இருவரும் பேசவில்லை. ஒரே கையெழுத்து, ஒரே தோட்டம், அடுத்தடுத்த எண்கள். தொழில் என்ற இடத்தில் வரிக்கு வரி 'கூலி'. பிறகு உங்கள் விரல் ஓர் இடத்தில் நின்றது. பெண். வயது 22. காரணம் காய்ச்சல். அவள் பெயரை நான் தனியே படித்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன், அவ்வளவு சிதைந்திருந்தது. தகப்பன் பெயர் மட்டும் பிசகவில்லை. அது எங்கள் வீட்டில் இன்றைக்கும் தலைச்சன் பிள்ளைக்கு வைக்கிற பெயர்.

உங்களுக்குச் சொல்லும் நன்றியில் பாதி, 1918-இல் அந்த வரியை எழுதியவருக்கும் சேரும். அவர் யாரோ, எந்தச் சாதி சனமோ தெரியாது. அத்தனை சாவு வந்து விழுந்த மாதத்திலும் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பதுளை டவுனில் புனித மார்க் தேவாலயத்தைப் பார்த்தேன். 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்த மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் நினைவாகக் கட்டியது. இலங்கையில் வெள்ளைக்காரர்களின் கல்லறை எழுத்துகளைப் பென்றி லூயிஸ் என்ற அதிகாரி தொகுத்து 1913-இலேயே புத்தகமாக்கிவிட்டார். எங்கள் ஆட்களுக்குக் கல் கிடையாது. தேயிலைக்கு உரமாகிப் போனார்கள் என்று மலையகத்தில் சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை. அப்பாயியின் ஆத்தாளைப் புதைத்ததாக ஏடு சொல்லும் தோட்டத்தில் இப்போது வரிசை வரிசையாகத் தேயிலைதான் நிற்கிறது. அவளுக்குக் கல் என்றால் நீங்கள் காட்டிய அந்த ஒரு வரிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மிஸ். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. காட்டப் பத்திரம் இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். என் தாத்தாவும் அதில் ஒருவர். நாங்கள் இந்த மண்ணில் செத்ததை மட்டும் அரசாங்கம் எண் போட்டு எழுதி வைத்திருந்தது. அதைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை.

இனி அந்தச் சாவுப் பதிவால் எனக்கு நிலமோ பாஸ்போர்ட்டோ கிடைக்கப் போவதில்லை. கிடைத்தது வேறு. நாள் தெரியாமல் செத்த தாய்மாருக்கு எங்கள் வீட்டில் சித்திரா பௌர்ணமி அன்று பொதுவாகப் படைப்போம். அப்பாயி இருந்தவரை அவள் ஆத்தாளுக்கும் அன்றைக்குத்தான் இலை. ஏட்டில் இருந்த தேதியைப் பழைய பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தோம். கார்த்திகை, தேய்பிறை.

போன கார்த்திகையில் அவளுக்கென்று தனியாக ஓர் இலை போட்டோம். தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் வைத்தாள் என் அம்மா. கூடலூரில் பிறந்த என் மகள், யாருக்கு இது என்று கேட்டாள். நீங்கள் படித்துக் காட்டியபடியே, தகப்பன் பெயரிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.



இப்படிக்கு,
கூடலூரிலிருந்து வந்தவன்