பஞ்சும் நெருப்பும்

பஞ்சையும் நெருப்பையும் அருகருகே வைக்கலாகாது என்பது முதியோர் வாக்கு. ஆயினும் தமிழர் இல்லங்களில் மாலைதோறும் அவை அருகருகேதான் வைக்கப்படுகின்றன. அகல்விளக்கின் திரி பஞ்சுதானே! அத்திரி நொடியில் எரிந்து சாம்பலாகாமல், மணிக்கணக்கில் நின்று ஒளி தருவதற்குக் காரணம் எண்ணெய். எண்ணெய் திரி வழியே ஏறி வந்துகொண்டிருக்கும் வரையில் நெருப்பு எண்ணெயை உண்கிறது. எண்ணெய் வற்றியதும் திரியையே உண்ணத் தலைப்படுகிறது. அப்போது எழும் கருகல் நாற்றம் அடுக்களையில் வேலையாய் இருக்கும் இல்லத்தரசிக்கும் எட்டிவிடும். விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அவள் அங்கிருந்தே சொல்லிவிடுவாள்.

கிள்ளானில் வாழும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு, இந்த எளிய உண்மையைத் தம் அறுபத்தோராம் வயதில் மீண்டும் கற்க நேர்ந்தது. 1984-இல் பயிற்சிக் கல்லூரியில் தொடங்கிய வெண்சுருட்டுப் பழக்கம் நாற்பது ஆண்டுகள் அவரை விட்டகலவில்லை. மாணவர் கண்ணில் படும்படி அவர் ஒருநாளும் புகைத்தவரல்லர். ஆனால், இடைவேளை மணி அடித்ததும் பள்ளியின் பின்வேலியை நோக்கி விரையும் அவருடைய நடையை அறியாத மாணவரும் இல்லர். மறைத்ததாக அவர் எண்ணியிருந்தார், அவ்வளவுதான்.

2024-ஆம் ஆண்டின் நடுவில், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. மருத்துவர் நுரையீரலின் ஆற்றலை அளந்து பார்த்தார்; இழந்ததை மீட்க இயலாது, இருப்பதைக் காக்கலாம் என்றார். அதன்பின் கிராம்பு, புளிப்பு மிட்டாய், நிகோட்டின் பசை என்று மூன்று முயற்சிகள். மூன்றும் மூன்று வாரங்களுக்கு மேல் நிற்கவில்லை. நான்காவது முயற்சியாகத்தான், மின்சிகரெட் என்று செய்தித்தாள்களும் வேப் என்று மக்களும் வழங்கும் கருவியை நாடினார். மருத்துவர் அதைப் பரிந்துரைக்கவில்லை. எல்லாவற்றையும் விடுவதே நலம். அது முடியாதெனில் இதற்கு வந்தபின் வெண்சுருட்டை மறுபடியும் தொடாதீர்கள் என்பதே அவர் சொன்னது.

கருவியை விற்றவன் அவரிடமே ஐந்தாம் ஆண்டில் அறிவியல் படித்தவன். விலையைக் குறைத்துக் கொடுத்தான். பயன்படுத்தும் முறையையும் விரைவாகச் சொன்னான். ஆசிரியர்கள் பிறர் விளக்கத்தைக் கேட்கும்போது தலையை மட்டும் அசைப்பார்கள். இவரும் அசைத்தார்.

அக்கருவியின் உள்ளமைப்பில் புதிர் ஒன்றும் இல்லை. விரல்நுனி அளவே ஆன உலோகச் சிமிழ். அதனுள் ஒரு கம்பிச்சுருள். சுருளைச் சுற்றிப் பஞ்சு. இச்சிமிழைத்தான் கடைகளில் காயில் என்கிறார்கள். சுற்றியுள்ள கிண்ணத்தில் நிற்கும் திரவம், சிமிழின் துளைகள் வழியே பஞ்சில் ஊறுகிறது. மின்கலம் கம்பியைச் சூடேற்ற, பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகி வாய்க்கு வருகிறது. திரவம் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், மணப்பொருள், நிகோட்டின் ஆகியவற்றின் கலவை. புகையிலை இல்லை, தீயும் இல்லை. 2003-இல் இதனை உருவாக்கிய ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர், தாமும் புகைத்தவர். புகைத்த தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். எரியாமல் நிகோட்டின் தருவது ஒன்றே அவர் நோக்கம். ஆகவே, இக்கருவியில் எதுவும் எரியக்கூடாது. எரிந்தால் அது பழுது.

ஆசிரியர் முதல் காயிலைப் பொருத்தினார், திரவத்தை ஊற்றினார், அடுத்த நொடியே இழுத்தார். பஞ்சின் வெளிப்புறம் நனைந்திருந்தது. கம்பியை ஒட்டிய உட்புறம் உலர்ந்தே இருந்தது. அந்த ஒரே இழுப்பில் அது கருகிற்று. வியப்பு என்னவெனில், அவருக்கு அது கருகலாகவே தோன்றவில்லை! நாற்பது ஆண்டுகளாகக் கருகலையே சுவை என்று பழகிய நாக்கு அது. மாம்பழ மணத்தோடு கொஞ்சம் காரமும் இருக்கிறது போலும் என்று எண்ணி இரண்டு நாள் இழுத்தார். மூன்றாம் நாள், அடுக்களையிலிருந்து அவருடைய மனைவிதான், "எங்கேயோ துணி கருகுகிறதே!" என்று கேட்டார்.

இரண்டாவது காயில் நான்கு நாள் உழைத்தது; மூன்றாவது ஐந்து நாள். இரண்டாவதை வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் பொருத்திப் பார்த்தார். அடிப்பிடித்த பாலில் தண்ணீர் ஊற்றியது போல ஆயிற்று. கருகல் எங்கும் பரவியதே தவிர நீங்கவில்லை. கருகிய பஞ்சுக்கு மருந்து கிடையாது. பன்னிரண்டு நாளில் மூன்று காயில்கள். இது பணம் பறிக்கும் சூழ்ச்சி என்று முடிவு கட்டிய அன்று மாலை, அவருடைய கால்கள் தாமாகவே பழைய மளிகைக் கடைப்பக்கம் நடந்தன. முகப்பில் நின்று சட்டைப்பையில் பணத்தை எண்ணியும் பார்த்தார். புதிதாக வேப் பிடிப்போர் பலர் இவ்விடத்தில்தான் திரும்பிவிடுகிறார்கள். மனவுறுதி குறைந்துவிட்டதென்று தம்மைத்தாமே நொந்துகொள்வார்கள். குறைந்தது பஞ்சின் ஈரம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அன்று கடைக்காரர் தொழுகைக்குப் போயிருந்தார், கடை சாத்தியிருந்தது. ஆசிரியர் மாணவனின் கடைக்கு நடந்தார்.

"சார், எப்படி இழுக்கிறீர்கள்? ஒருமுறை காட்டுங்கள்" என்றான் அவன்.

காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என அடுக்கடுக்காக, கன்னம் குழிய இழுத்தார். மணம் குறைந்ததும் இன்னும் வேகமாக இழுத்தார்.

"சார், நீங்கள் இன்னும் சிகரெட்டைத்தான் இழுக்கிறீர்கள். அதை வேகமாக இழுத்தால் நுனி கனலும். இதை வேகமாக இழுத்தால் பஞ்சு காயும்."

அவன் சொன்னதில் முழு விளக்கமும் அடங்கிவிட்டது. வெண்சுருட்டில் சுவை குறைந்தால் ஓங்கி இழுப்பது இயல்பு; காற்று பட்டதும் நெருப்பு விழித்துக்கொள்ளும். காயிலிலோ ஒவ்வோர் இழுப்பும் பஞ்சைச் சிறிது வற்றச் செய்கிறது. வற்றிய இடத்தை நிரப்பத் திரவத்துக்குச் சற்று நேரம் வேண்டும். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் அடுத்த சூடு பஞ்சின் மேல்தான் விழும். மணம் குறைவது, திரவம் இன்னும் வந்து சேரவில்லை என்பதற்கு அடையாளம். அப்போது செய்யவேண்டியது நிறுத்துவது. கை மட்டும் எதிர்மாறாகப் பழகியிருக்கிறது.

மாணவன் வேறு இரண்டையும் சுட்டிக்காட்டினான். காயிலின் மேல் 0.8 ஓம் என்றும், 12 முதல் 16 வாட் வரை என்றும் நுண்ணெழுத்தில் பொறித்திருந்தது. கருவியோ 20 வாட்டில் நின்றது. அடுத்தது திரவம். அவர் வாங்கியது நூற்றுக்கு எழுபது பங்கு கிளிசரின் கொண்டது. கிளிசரின் தேனைப்போல் கெட்டியானது; கொதிநிலையும் 290 பாகை செல்சியஸ். புரொப்பிலீன் கிளைக்கால் நீர்த்தது; 188 பாகையில் கொதிப்பது. பெரிய துளையுள்ள காயில்களுக்கு ஏற்ற கெட்டித் திரவம், சிறு கருவியின் ஊசித்துளை வழியே நேரத்துக்கு வந்து சேராது.

வீடு திரும்பிய ஆசிரியர் ஒரு குறிப்பேட்டை எடுத்துக் கட்டம் போட்டார். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்படும் வரையில், ஆண்டுதோறும் மாணவர்களுக்கு அவர் ஓயாமல் புகட்டிய பாடம் ஒன்றுண்டு: தற்சார்பு மாறி ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும், ஏனையவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகளாக இருக்கவேண்டும். அதே முறையில், காயிலுக்கு ஒரு மாற்றம் என்று தொடங்கினார். சார்பு மாறி, காயில் உழைத்த நாள்கள்.

நான்காவது காயிலில் ஊறவைப்பதை மட்டும் மாற்றினார். பஞ்சு தெரியும் துளைகளில் சில சொட்டுத் திரவம் விட்டு, கிண்ணத்தை நிரப்பி, பத்து நிமிடம் தொடாமல் வைத்தார். பின்னர்ச் சூடேற்றாமல் நான்கைந்து முறை வெறுமனே இழுத்துத் திரவத்தை உள்ளே வரவழைத்தார். அது ஏழு நாள் உழைத்தது. ஐந்தாவதில் 13 வாட்டுக்கு இறங்கினார், பத்து நாள். ஆறாவதில் மாம்பழத்தை விட்டு, சம அளவுக் கலவையான வெறும் புதினாவுக்கு மாறினார், பதினேழு நாள். ஒருமுறை மட்டுமே செய்த சோதனை ஆதலால், மாணவன் எவனாவது இதனை எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண் குறைத்திருப்பேன் என்று மனைவியிடம் அவரே சொல்லிச் சிரித்தார். ஒரு காயிலில் திரவத்தின் கெட்டித்தன்மை, இனிப்பு ஆகிய இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டதையும் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதத் தவறவில்லை.

இனிப்பின் செய்தி தனியே சொல்லத்தக்கது. பழைய காயில்களைத் திறந்து பார்த்தபோது, கம்பியின் மேல் பாகு முறிந்தது போன்ற கரிய படலம் கெட்டியாக ஒட்டியிருந்தது. இனிப்புத் திரவங்களில் சேர்க்கப்படும் சுக்ரலோஸ் ஆவியாவதில்லை. கம்பியிலேயே தங்கிக் கருகுகிறது. காயிலின் வாழ்நாளைக் குறைப்பதில் இதற்கு நிகர் வேறில்லை. இளம்பிள்ளைகளைக் கவர்ந்திழுப்பதும் இந்த இனிப்பு வகைகளே. மலேசியாவில் 2024 அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர்க்கு இவற்றை விற்பதைத் தடை செய்தது. புகைக்காத ஒருவர் இதைத் தொடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. ஆசிரியரும் பள்ளிப்பிள்ளைகள் நடமாடும் தெருவில் இதனை வெளியே எடுப்பதில்லை. பின்வேலிப் பழக்கம் இதற்கு உதவிற்று.

கருகல் சுவை நாவுக்கு மட்டும் தொல்லை தருவதன்று. உலர்ந்த பஞ்சில் சூடு மிஞ்சும்போது கிளிசரின் சிதைந்து அக்ரோலீன் உண்டாகிறது. வாணலியில் எண்ணெய் புகையும்போது கண்ணைக் கரிக்கும் பொருள் அதுவே. ஃபார்மால்டிஹைடும் பிறக்கிறது. 2015-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 5 வோல்ட் அழுத்தத்தில் அதனை ஈனும் பொருள்கள் மிகுந்திருப்பதையும், 3.3 வோல்ட்டில் அவை தென்படாததையும் வெளியிட்டனர். கிரேக்க ஆய்வாளர்கள் அதே ஆண்டில் மறுமொழி எழுதினர்: அந்தச் சூட்டில் எழும் கருகலை எவராலும் தாங்கி இழுக்க இயலாது, நாக்கே தடுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். வாதம் பொருத்தமானதே. ஆயினும், இரண்டு நாள் கருகலை மாம்பழம் என்று இழுத்த நாக்கும் உலகில் உண்டு. காவலனே உறங்கிவிட்ட வீடு அது. வெண்சுருட்டை விட்ட சில வாரங்களில் சுவையும் மணமும் திரும்பத் தொடங்கும். ஆறாவது காயில் முடிவுக்கு வந்தபோது, முதல் மெல்லிய கருகலை மனைவிக்கு முன்னதாக அவரே கண்டுகொண்டார். அன்றே அதைக் கழற்றி எறிந்தார்.

அவ்வாண்டுத் தீபாவளிக்கு மகள் வீடு சிங்கப்பூரில். அங்கே 2018 பிப்ரவரி 1 முதல் இக்கருவியை வைத்திருப்பதே குற்றம். ஆகவே கருவி கிள்ளானில் தங்கிற்று. தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை மட்டும் உடன் சென்றது. நான்கு நாளும் எப்படியோ கழிந்தன. எரிச்சலை எல்லாம் முறுக்கின்மேல் காட்டினார் என்று மகள் சொன்னாள்.

அந்த நான்கு நாள் தந்த துணிவில், திரும்பியதும் நிகோட்டின் அளவை 12 மில்லிகிராமிலிருந்து 6-க்குக் குறைத்தார். ஊறவைத்தல் அதே முறை, அதே 13 வாட், அதே புதினா, இரண்டு இழுப்புகளுக்கிடையே மனத்துக்குள் மூன்று குறள்களைச் சொல்லி முடிக்கும் அதே இடைவெளி. எனினும் அடுத்த காயில் பதினோரு நாளில் கருகிற்று.

குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தார். நிகோட்டின் பஞ்சைக் கருக்காது. அப்படியானால் மாறியது எது? அளவு குறைந்த நிகோட்டினை ஈடுசெய்ய, அவரை அறியாமலே அவர் உடல் கூடுதலாக இழுத்திருக்கிறது. மூன்று குறள் இரண்டாகி, சில வேளைகளில் ஒன்றரையாகவும் ஆகியிருக்கவேண்டும். எத்தனை முறை இழுக்கிறீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், முன்போலத்தான் என்று அவர் உண்மையாகவே நம்பிச் சொல்லியிருப்பார். காயில் வேறு கணக்குச் சொன்னது.

அதற்குப்பின் அவர் நாள்களை எண்ணியது பணத்தின் பொருட்டன்று. பதினோரு நாள் அடுத்த முறை பன்னிரண்டாயிற்று, பின்னர்ப் பதினான்கு. 2025 பிப்ரவரியில் முன்போலப் பதினேழு நாள் ஓடி முடிந்தது. அன்று மாலை குறிப்பேட்டின் புதுப்பக்கத்தில் 3 மில்லிகிராம் என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டார். அந்த அளவுத் திரவம் வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றான் மாணவன். அதுவரையில் 6-க்கே ஒரு புதுக் காயிலைப் பொருத்தி, சொட்டு விட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் காத்திருந்தார்.