பத்து வருஷம் காத்திருக்கும் பூ

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்கு மே மாதம் போகிறவர்கள், நயாகரா பார்த்த கையோடு மேப்பிள் காட்டுக்குள்ளும் ஒரு நடை போய்வர வேண்டும். மரங்கள் முழுக்கத் தளிர்ப்பதற்குள் கிடைக்கிற வெயிலில், தரையெங்கும் வெள்ளை ட்ரில்லியம் பூத்துக் கிடக்கும். ஒரு தண்டு, மூன்று இலை, நடுவே மூன்று இதழ். வாட வாட இளஞ்சிவப்பாகிவிடும். 1937 முதல் அந்த மாகாணத்தின் மலர் இதுதான்.

டொராண்டோவில் என் மகள் வீட்டுக் கொல்லையில் ஒரே மேப்பிள் நிழல், ரோஜா வராது. பக்கத்து வீட்டு அம்மாள் தோட்டத்தில் இந்தப் பூவைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. "காட்டிலேர்ந்து தோண்டக் கூடாதாம்மா. பறிக்கவும் கூடாதாம். பூவோட இலையும் போயிட்டா கிழங்குக்குச் சாப்பாடு ஏதுங்கறாங்க" என்றாள் மகள்.

கோடையில் காய் பழுத்ததும் அந்த அம்மாளே விதை கொடுத்தார். காட்டில் இதை எறும்புகள்தான் பரப்புகின்றன. விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக இழுத்துப் போகுமாம். நாங்கள் ஈரம் காயுமுன்பே, மக்கிய இலை கலந்த மண்ணில் ஊன்றினோம். உதிர்ந்த இலைகளைப் பெருக்கித் தள்ளக் கூடாது. மண் உலரக் கூடாது. வளர்ந்த செடி கோடையில் மறைந்தால், செத்துப்போச்சு என்று கிளறக் கூடாது. பக்குவம் இவ்வளவுதான்.

முதல் குளிர்காலம் கழிந்து வேர். இரண்டாவது கழிந்துதான் இலை. பூக்க ஏழிலிருந்து பத்து வருஷம்!

"அதுவரைக்கும் நான் இருப்பேனோ என்னவோ" என்றேன்.

பேத்திக்கு ஆறு வயது. விதைத்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, "பாட்டி பூ" என்று எழுதி வைத்திருக்கிறாள்.