ஊருக்கு ஒரு பாட்டு

முருகன் துணை

திருத்தணி
9.11.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, சின்னவள் எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மலைக்குப் படியேறுவதை நிறுத்திவிட்டு, கிருத்திகைக்குக் கிருத்திகை பஸ்ஸில் போய் வருகிறாள். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். அதைப் பற்றி அம்மா போனில் பேசுவாள்.

போன வாரம் பேசும்போது நீ ஒன்று சொன்னாய். "இங்க மாசத்துக்கு ஒரு பெரிய பாடகர் வர்றாங்க மாமா. ஒலகம் சுத்துறவங்க எல்லாரும் லண்டனுக்கு வராம போறதில்ல. நம்ம ஊருக்கு யார் வரப்போறாங்க? நாம எல்லாத்துக்கும் ஒதுக்குப்புறந்தான்." நீ வருத்தமாகச் சொன்னதால் அப்போது ஒன்றும் பேசாமல் விட்டேன். ஆனால் அது மனதிலேயே நிற்கிறது. கச்சேரி மேடையில் கீபோர்டு வாசித்தே குடும்பம் நடத்துகிறவன் நான். இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரி 5ஆம் தேதி எட் ஷீரன் சென்னைக்கு வந்தது உனக்குத் தெரியும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். சின்னவள் காலேஜ் தோழிகளோடு போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். 2023இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரகுமான் கச்சேரி நடந்தபோது, டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் நெரிசலில் தவித்ததை டிவியில் பார்த்த பயம் உன் அத்தைக்கு இன்னும் போகவில்லை. அதனால் துணைக்கு என்னை அனுப்பினாள். சின்னவளை உள்ளே விட்டுவிட்டு, நான் வெளியே அண்ணாசாலை ஓரம் ஒரு டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டேன். டிக்கெட் விலை எங்கள் குழு மொத்தத்துக்கும் ஒரு ராத்திரிக்குக் கிடைக்கும் சம்பளம். அந்த விலை நியாயமே இல்லை என்பதுதான் என் கருத்து. சவுண்டு மட்டும் மதில் தாண்டித் தாராளமாக வந்தது.

அவர் வாசிக்கிற முறையை நீ என்னைவிட நன்றாக அறிவாய். இருந்தாலும் காதால் கேட்டபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. முதலில் கிட்டார் கட்டையைக் கையால் தட்டுகிறார். அது டிரம் மாதிரி பதிவாகித் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அதன் மேல் ஒரு ஸ்ட்ரம்மிங். அதற்கு மேல் இரண்டு கம்பியில் ஒரு சின்னச் சங்கதி. பிறகு தன் குரலையே இரண்டு மூன்று தடவை அடுக்குகிறார். கால் பெடலை மிதித்து மிதித்துத் தனியாளாக ஒரு குழுவையே கட்டிவிடுகிறார். இதில் ஒரு அடி தப்பினால் தப்பு நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கள் மேடையில் ரிதம் பேடுக்காரர் ஒரு இடத்தில் தடுமாறினால் தபேலாக்காரர் சமாளித்துக் கொடுப்பார். ஷீரனுக்கு அப்படிக் கைகொடுக்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

நடுவில் திடீரென்று உள்ளே ஒரு பெரிய சத்தம் எழுந்தது. என்னவென்று தெரியாமல் சாலையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ரகுமான் மேடைக்கு வந்திருந்தார். ஷீரன் தன் 'ஷேப் ஆஃப் யூ' பாட, அதன் மேலேயே 'ஊர்வசி ஊர்வசி' ஏறி வந்தது. 1994இல் வந்த 'காதலன்' பாட்டு. பாட்டு வந்தபோது நான் மேடைக்குப் புதுசு. அன்றிலிருந்து இன்றுவரை அதை வாசிக்காத சீசன் கிடையாது. இரண்டையும் ஒரே சுருதிக்கும் ஒரே தாளக் கதிக்கும் கொண்டுவந்து, எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று தெரியாமல் பொருத்தியிருந்தார்கள். டீக்கடையில் நின்ற ஆட்டோக்காரர்கள் பாடினார்கள். நானும் பாடினேன். ஆங்கிலப் பாட்டு ஒரு வரி தெரியாதவர்கள்கூட அந்த நிமிஷம் அந்தக் கச்சேரிக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

கச்சேரி முடிந்து மெட்ரோ பிடித்து, சென்ட்ரலில் கடைசி வண்டிக்கு ஓடி, அரக்கோணம் தாண்டும்வரை சின்னவள் அதையே பேசிக்கொண்டு வந்தாள். "நமக்காகவே பாடினாங்கப்பா" என்று.

ஷீரனின் அந்த உலகச் சுற்றுப்பயணம் 2022 ஏப்ரலில் டப்ளினில் தொடங்கியது. ஊர் ஊராக அதே பாட்டுகள்தான். அதில் குற்றமில்லை, ஜனங்கள் கேட்டு வருவதே அதற்குத்தான். ஆனால் அந்த மனிதர் இந்தியாவில் செய்ததைப் பார். 2024 மார்ச்சில் மும்பையில் தில்ஜித் தோசாஞ்சோடு நின்று பஞ்சாபியில் பாடினார். சென்னையில் ஊர்வசி. நாலு நாள் கழித்து பெங்களூரில் ஷில்பா ராவோடு சேர்ந்து 'தேவரா' படத்தின் 'சுட்டமல்லே'யைத் தெலுங்கிலேயே பாடினார். நம் சென்னைப் பையன் அனிருத் போட்ட தெலுங்கு மெட்டு. நம் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு உன் பாட்டி கைதட்டினார்கள். ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. பாட்டி பள்ளிக்கூடம் போனபோது திருத்தணி ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவோடு இருந்தது. ம.பொ.சி. முதலானவர்கள் போராடி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தப் பக்கம் வந்தோம். பாட்டி இன்றைக்கும் கூட்டல் கணக்கைத் தெலுங்கில்தான் போடுகிறார்கள்.

எங்கள் தொழிலும் அப்படித்தான். பள்ளிப்பட்டில் திரௌபதி அம்மன் தீமிதிக்கு வாசித்தால் தமிழ், நகரிக்குப் போனால் அதே மெட்டுக்குத் தெலுங்கு வரி. நடுவில் இருக்கிற கிராமங்களில் ஒன்று மாற்றி ஒன்று. எந்த ஊரிலும் ஒருத்தர் எழுந்து, "இந்த பாஷை வேண்டாம், நிறுத்து" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அதையும் பாடு, இதையும் பாடு" என்று சீட்டுதான் வரும். இப்போதெல்லாம் ராத்திரி 10 மணிக்கு மைக்கை நிறுத்தவேண்டும் என்பதால் சீட்டு நிறைய மிச்சமாகிவிடுகிறது.

நீ இருக்கிற லண்டனில் நடந்ததையும் சொல்கிறேன். 2017 ஜூலை 8, வெம்பிளி அரங்கில் ரகுமான் கச்சேரி. 'நேற்று இன்று நாளை' என்று தமிழிலேயே பெயர் வைத்து நடந்தது. தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று இந்தி கேட்க வந்த சிலர் பாதியில் எழுந்து போனார்கள், காசைத் திருப்பிக் கேட்டார்கள். இந்திப் பாட்டும் அன்றைக்கு நிறையவே பாடியிருக்கிறார்கள். எனக்கு அது இன்றும் வலிக்கிற செய்தி. கோடம்பாக்கத்தில் வளர்ந்து, தமிழ்ப் படத்தில் தொடங்கி, ஆஸ்கர் மேடையிலேயே தமிழில் பேசிய மனிதர், உலகத்தின் எந்த மூலையில் பாடினாலும் தன் பாஷையில் பாடத்தான் பாடுவார். பாடவேண்டும். நகரியில் ஒரு கூலிக்காரர் கொடுக்கிற இடத்தை வெம்பிளியில் கொடுக்க மாட்டேன் என்றால், ஒதுக்குப்புறம் எது என்று நீயே சொல்.

டெய்லர் ஸ்விஃப்ட் பற்றி நீ நிறையச் சொல்லியிருக்கிறாய். சின்னவளும் விடுவதில்லை. தன் சுற்றுப்பயணத்தை 2023 மார்ச்சில் அரிசோனாவில் ஆரம்பித்து 2024 டிசம்பரில் வான்கூவரில் முடித்தார். 149 கச்சேரி, ஒரு கோடிக்கு மேல் ஜனம், 200 கோடி டாலருக்கு மேல் டிக்கெட் வசூல். சிங்கப்பூரில் மட்டும் ஆறு நாள். எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு இந்தக் கணக்கு கண்ணைக் கட்டுகிறது. ஆனால் என்னைத் தொட்டவை வேறு இரண்டு. ஒன்று, சாமான் ஏற்றிய லாரி டிரைவர்களுக்குத் தலைக்கு ஒரு லட்சம் டாலர் போனஸ் கொடுத்தார் என்ற செய்தி. எங்கள் வேன் டிரைவர் அண்ணனை உனக்குத் தெரியும். ராத்திரி எல்லாம் ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்குவார், விடிகாலையில் எங்களைப் பத்திரமாக வீட்டில் சேர்ப்பார், நோட்டீஸில் அவர் பெயர் வராது. மேடைக்குப் பின்னால் நிற்கிறவர்களை நினைத்துப் பார்க்கிறவர் பெரிய கலைஞர்தான். இன்னொன்று, ஒவ்வொரு ராத்திரியும் கிட்டாரோ பியானோவோ வைத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத பாட்டை எடுத்துப் பாடுவாராமே. அன்றைக்கு எது வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாதாம். அந்த ராத்திரி அந்த ஊருக்கு என்று ஒரு பாட்டு. அத்தனை பெரிய ஏற்பாட்டிலும் அதற்கு ஒரு இடம் ஒதுக்கினாரே, அங்கேதான் அவர் பாடகராக நிற்கிறார்.

இந்த வழக்கத்துக்கு நம் ஊரில் பழைய வேர் உண்டு, பாப்பா. மலையில் முத்துசுவாமி தீட்சிதரைப் பற்றி யாராவது சொல்லி நீ கேட்டிருப்பாய். திருவாரூரில் 1775இல் பிறந்தவர். காசியில் குருவோடு பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் குடும்பத்தோடு இருந்தபோது, அங்கிருந்து திருத்தணிக்கு வந்தார். சன்னிதியில் ஒரு முதியவர் "வாயைத் திற" என்று சொல்லிக் கற்கண்டைப் போட்டார், முருகனே அப்படி வந்தார் என்பது ஐதீகம். உடனே மாயாமாளவகௌளையில் முதல் கிருதி பிறந்தது, 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ'. நீ சின்ன வயதில் பாட்டு டீச்சரிடம் சரளி வரிசை பாடினாயே, அதே ராகம். அதற்குப் பிறகு அவர் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகப் போனார். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், திருவானைக்கா, இதோ பக்கத்தில் இருக்கிற காளஹஸ்தி. போன இடத்துச் சாமியின் பேரில் அந்த இடத்திலேயே புதுசாக ஒரு கிருதி. பாடிய ஊரெல்லாம் அவருடைய பாட்டுக்குள் இருக்கிறது. 'குருகுஹ' என்ற முத்திரையும் கூடவே இருக்கும். அது நம் மலை முருகன் கொடுத்தது. எட்டயபுரத்தில் 1835இல் அவர் காலமாகும்வரை அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

இன்னொரு சேதியும் உனக்குப் பிடிக்கும். மணலியில் இருந்தபோது, அவர்களை ஆதரித்த முதலியார் தீட்சிதர் குடும்பத்தினரைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கவைத்தார். தீட்சிதர் அந்த இங்கிலீஷ் மெட்டுகளை எடுத்துச் சம்ஸ்கிருத வரி போட்டார். நாற்பது அளவில் இருக்கின்றன, நோட்டு ஸ்வரம் என்று பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லித்தருகிறார்கள். இங்கிலாந்து ராஜாவின் தேசிய கீதத்து மெட்டுகூட அதில் உண்டு. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அதை நம் கச்சேரி வாத்தியம் ஆக்கினார். இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கத்து மெட்டு இங்கே வந்து குடியேறிவிட்டது. நந்தனத்தில் ஷேப் ஆஃப் யூவும் ஊர்வசியும் கைகோர்த்தபோது ஜனங்கள் புதுமை என்றார்கள். எனக்குத் தீட்சிதர் சகோதரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், நம் ஊரை ஒதுக்குப்புறம் என்று நினைக்காதே. பெரிய பாடகர் எந்த ஊருக்கு வந்தார் என்பதைவிட, வந்த ஊருக்கு என்ன பாடினார் என்று பார். நூறு ஊருக்குப் போய் ஒரே கச்சேரியை இறக்கிவிட்டுப் போகிறவர் இருக்கிறார். எங்கே நின்றாலும் அந்த மண்ணைக் கேட்டுப் பாடுகிறவர் இருக்கிறார். நீயும் அங்கே சனிக்கிழமைகளில் கிட்டாரோடு பாடுகிறாயாம், அம்மா சொன்னாள். சந்தோஷம். அங்கத்துப் பாட்டை நன்றாகப் பாடு. கூடவே உன் பாஷையிலும் ஒன்று பாடு. யாராவது எழுந்து போனால் போகட்டும்.

டிசம்பர் 31 படித்திருவிழா வருகிறது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் புதுவருஷ வாழ்த்துச் சொல்ல வரிசையில் நின்ற காலத்தில், முதல் வணக்கம் முருகனுக்கு என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 365 படி, வருஷத்தின் நாளுக்கு ஒன்று. படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பூ வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடிவிட்டுத்தான் அடுத்த படி. சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பஜனைக் கோஷ்டிகள் வரும். ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஜால்ரா நிற்காமல், கூட்டத்தோடு கூட்டமாக ஏறுவார்கள். டிக்கெட் இல்லை, மேடை இல்லை, யாரும் நட்சத்திரம் இல்லை. பாடத் தெரிந்தவர் பாடலாம்.

இந்த வருஷம் எங்கள் குழுவும் ஏறுகிறது. உனக்கு அப்போது லீவுதானே. கிட்டாரை எடுத்துக்கொண்டு வா. சுருதி நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு படிக்கு நீ பாடவேண்டும். விமான டிக்கெட் இப்போதே போட்டால்தான் விலை கட்டும். போட்டதும் எனக்கு ஒரு வார்த்தை சொல், அம்மாவுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
மாமா