மூன்று தரம் கூப்பிட்ட பெயர்

கொழும்பு புதுக்கடைக் கோட்டில் எனக்கு முப்பத்து நாலு வருட உத்தியோகம். 1962இல் ஏறிய படியை 1996இல் இறங்கினேன். மொழிபெயர்ப்பாளன் வேலை. கோட்டு வழக்கில் அதற்கு ‘முதலியார்’ என்று பெயர். பட்டம் பெரிது, சம்பளம் சிறிது. கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்திலும், பிற்காலத்தில் சிங்களத்திலும் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை மூத்த முதலியார் ஒருவர் எனக்கு ஒரேயொரு விதி சொல்லித் தந்தார். சாட்சி ‘நான் கண்டேன்’ என்றால் நீயும் ‘நான் கண்டேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘கண்டாராம்’ என்று சொல்லப்படாது. அந்த ‘ஆம்’ ஒட்டியதும் அது உன்னுடைய கதை ஆகிவிடும். அந்த விதிப்படி நான் எத்தனையோ பேரை வெட்டியிருக்கிறேன், நகை களவெடுத்திருக்கிறேன், ஜிந்துப்பிட்டியில் ஒருவரின் கூரை ஓட்டைப் பிரித்து இறங்கியிருக்கிறேன். “நீங்கள் ஒப்புக்கொண்ட குற்றத்தையெல்லாம் கூட்டினால் வெலிக்கடையில இருந்து வெளியே வரமாட்டியள்” என்று மனுசி பகிடி பண்ணுவாள்.

அந்த விதியை நான் ஒருதரம் மீறினேன். அது நடந்தது கோட்டில் அல்ல, ஒரு டொக்டரின் அறையில்.

அங்கே நான் யாருக்காகப் பேசினேனோ அவரை ‘அண்ணை’ என்றே எழுதிக்கொண்டு போகிறேன். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கர். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு. கழுத்துப்பட்டி அழுக்காகாமல் கைலேஞ்சியை மடித்து உள்ளே வைத்துக்கொள்வார். அவர் எழுதிய உறுதியில் வெட்டுக்கொத்தே இராது. முத்திரைக் காசைத் தனிப் பையில் வைத்திருப்பார், சொந்தக் காசோடு கலக்க மாட்டார். 1985இல் அவருக்கு ஐம்பத்து நாலு வயது.

அந்த வருடம் மாசி மாதம் ஒருநாள் காலை தேத்தண்ணிக் கடையடியில் என்னைப் பிடித்துக் கேட்டார்: “முதலியார், இண்டைக்கு என்ர வழக்கு எடுக்கினமோ?”

பகிடி என்று நினைத்தேன். “இல்லை அண்ணை, தவணை போட்டாச்சு” என்று சிரித்தேன். அடுத்த நாளும் கேட்டார், நானும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள்தான் கவனித்தேன், அவர் சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டிக்குள் கைலேஞ்சி இல்லை, கழுத்துக்கும் பட்டிக்கும் இடையில் இரண்டு விரல் போகும். நான் விட்ட பகிடியை அவர் அத்தாட்சியாக எடுத்திருந்தார். முதலியாரே தவணை போட்டதாகச் சொன்னால் வழக்கு இருக்கத்தானே வேண்டும்!

கோட்டு வராந்தாவில் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். மூன்றாம் தரத்துக்கும் ஆள் வராவிட்டால் பிடியாணை. அண்ணைக்கு அந்தக் குரல் வீட்டில், இரவில் கேட்கத் தொடங்கியிருந்தது. அவருடைய பெயர், மூன்று தரம். குற்றம் என்ன தெரியுமா? மூத்த பிள்ளை கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது முத்திரைக் காசில் ஏழு ரூபாய் ஐம்பது சதம் எடுத்து மருந்து வாங்கினார். அந்தக் கிழமைக்குள்ளேயே திருப்பி வைத்தும் விட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சும்மா கிடந்த ஏழரை ரூபாய் அது.

சாப்பாடும் நின்றிருந்தது. நான் போயிருந்த ஒரு இரவு அவருடைய மனுசி, எனக்கு அக்கா, இடியப்பமும் சொதியும் வைத்தார். அண்ணை ஒரு இடியப்பத்தை எடுத்து இழை இழையாகப் பிரித்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினார். எல்லா இழையையும் பிரித்து முடித்த பிறகு தட்டை மெதுவாகத் தள்ளிவிட்டு, “போக இடமில்லை தம்பி. குடல் அடைச்சு அழுகிப் போச்சு” என்றார். நாளையோடு லீவு முடிகிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். வெகு காலம் கழித்து வாசித்தேன், 1880இல் ஜூல் கொத்தார் என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். தனக்கு மூளையில்லை, வயிறில்லை, ஆகவே சாப்பாடும் தேவையில்லை என்று சொன்ன பெண். கொட்டாஞ்சேனைக் கிளாக்கர் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. சோகம் முற்றினால் எந்த ஊரிலும் இப்படித்தான் பேசும் போல.

டொக்டரிடம் கூட்டிப் போனோம். சிங்களவர், நல்ல மனுசன், அவசரக்காரர். மொழிபெயர்க்க நான் இருக்கிறேனே என்று எல்லாருக்கும் தைரியம்.

“குரல் ஏதும் கேட்கிறதா?”

அண்ணை சொன்னார்: “ஓம். ‘கள்ளன், கள்ளன்’ எண்டு சொல்லுது. சொல்லுறது சரிதானே. நான் கள்ளன்தான்.”

நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: தன்னைக் கள்ளன் என்று ஒரு குரல் ஏசுகிறதாம்.

பின்னிரண்டு வசனத்தையும் விழுங்கிவிட்டேன். எத்தனையோ கொலையை ஒப்புக்கொண்ட வாய் இது. கைலேஞ்சி மடித்து வைக்கிற அந்த மனிதரின் இடத்தில் நின்று ‘நான் கள்ளன்’ என்று சொல்ல வரவில்லை. மரியாதை செய்கிறேன் என்று நினைத்தேன். வாசித்துப் பாருங்கள், அந்த ‘ஆம்’ கூட ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

டொக்டர் சிசோபிரேனியா என்று எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் முன்னால் வைத்த சாட்சியம் நான் தைத்தது. குரலை அடக்குகிற குளிசை தந்தார். குரல் கொஞ்சம் தணிந்தது, அண்ணை எழும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அது இந்த வருத்தத்தின் போக்கு என்று நாங்களே தீர்ப்பும் எழுதிக்கொண்டோம்.

ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிக் குளித்து, வெள்ளைக் காற்சட்டை போட்டுக்கொண்டு, சரணடைவதற்குப் பொலிசுக்குப் போய்விட்டார். 1985ஆம் ஆண்டு என்பதை மறக்க வேண்டாம். ஒரு தமிழன் தானாகப் பொலிசுக்குப் போய் ‘நான் குற்றவாளி’ என்று சொல்கிற காலமா அது? 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சரிலும் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோட்டில் செல்லும். நான் கோட்டுக்காரன், அக்கா அழுதுகொண்டு வந்து சொன்னபோது எனக்குக் கால் நடுங்கியது அதனால்தான். ஆனால் அங்கே கடமையில் இருந்த சார்ஜன்ட் ஒருவர், சிங்களவர், அண்ணையை வாங்கில் இருத்தி, பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டு, வெளிச்சம் வந்த பிறகு தானே வீடுவரை நடந்து வந்து விட்டுவிட்டுப் போனார். நன்றி சொல்ல நான் போனபோது அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

அன்று இரவு படுத்திருந்து யோசித்தேன். அந்த நாளில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் எல்லாருக்கும் பொலிஸ் பயம் இருந்தது. அதைப் பிரமை என்று எந்த டொக்டர் எழுதினாலும் அவரைத்தான் சோதிக்க வேண்டும். நாங்கள் குற்றம் செய்யாமல் பிடிபட்டு விடுவோமோ என்று பயந்தோம். அண்ணையோ, குற்றம் செய்த தன்னை இன்னும் பிடிக்காமல் இருக்கிறார்களே என்று பயந்தார்.

பிறகு ஒரு அரசாங்க ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். அக்கா வழி முழுக்க, “அங்கொடை எண்டு ஆருக்கும் சொல்லாதேங்கோ தம்பி” என்று கெஞ்சினார். நாங்கள் போனது வேறு இடம். ஆனால் கொழும்பில் அந்த ஊர்ப் பெயர் ஒரு வசவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளே ஆளையாள் ‘அங்கொடை’ என்று ஏசிக்கொள்வார்கள். அங்கே இப்போது இருப்பது தேசிய மனநல நிறுவகம். பலகை மாறியிருக்கிறது, வசவு மாறக் காணோம். என் பங்குக்கு நானும் சின்ன வயதில் ஏசியிருக்கிறேன். 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சித்தசுவாதீனம் விசாரிக்க மாவட்ட நீதிமன்றத்துக்குக் கொண்டு வரப்பட்டவர்களுக்கு மொழிபெயர்த்தும் இருக்கிறேன். கோட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு சொல்: சுவாதீனம் உண்டா, இல்லையா. என்ன வருத்தம் என்று கோடு கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்தத் தரம் டொக்டர் ஒரு பெண். என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: “முதலில் வந்தது எது?”

அக்கா சொன்னார்: “முதல் நித்திரை போச்சு. விடியப்புறம் மூண்டு மணிக்கே முழிச்சிருப்பார். காலமையிலதான் கூடப் பாரம், பின்னேரம் கொஞ்சம் பரவாயில்லை. பிறகு சாப்பாடு போச்சு. பிறகு கோயிலுக்கு வரமாட்டன், நான் வந்தால் தீட்டு எண்டார். சத்தம் கேட்கிறதெல்லாம் அதுக்கு ரெண்டு மாசம் பிந்தி.”

இவ்வளவும் அந்த மனுசிக்குத் தெரிந்திருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. முதல் டொக்டரின் அறையில் நான்தான் அவருக்கும் சேர்த்துப் பேசினேன்.

பிறகு என்னிடம் திரும்பி, “அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்லுங்கள்” என்றார். அண்ணை திரும்பவும் அதையே சொன்னார். நானும் சொன்னேன்: “‘கள்ளன்’ என்று சொல்லுகிறது. சொல்வது சரிதான். நான் கள்ளன்தான்.” டொக்டரின் பேனை நின்றது.

அந்த ‘சரிதான்’ என்ற சொல்லில்தான் பாதி விஷயம் இருக்கிறது என்று பிறகு விளக்கினார். கடும் மனச்சோர்வு முற்றும்போதும் குரல் கேட்கும், இல்லாதது இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்தக் குரல் சோகத்தின் சாயத்திலேயே தோய்ந்திருக்கும்: பாவம், நாசம், அழுகல், சாவு. தண்டனை தனக்குத் தகும் என்று ஆள் தலையைக் குனிவார். சிசோபிரேனியாவில் பெரும்பாலும் அந்தத் தலைகுனிவு இராது. குரல்கள் தங்களுக்குள்ளே இவனைப் பற்றிப் பேசும், இவன் செய்வதை வர்ணிக்கும். தன் நினைப்பை யாரோ உருவுகிறார்கள், வேறு நினைப்பைச் செருகுகிறார்கள் என்பான். சோகம் இல்லாத நாளிலும் அதெல்லாம் இருக்கும். பெரும்பாலும் இருபது வயதை ஒட்டித் தொடங்கும். ஐம்பத்து நாலு வயதுவரை வெட்டுக்கொத்தில்லாமல் எழுதியவருக்கு முதல்தரம் வந்தால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும், உடம்பில் வேறு கோளாறு உண்டா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் குறிகள் சிலரில் கலந்தும் வரும், அப்போது காலம்தான் பிரித்துக் காட்டும். ஜெர்மனியில் கிறெப்பலின் என்றவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த இரண்டு குடும்பத்தையும் பிரித்தது, நோயாளிகளின் வருடக்கணக்கான போக்கைப் பார்த்துத்தானாம். சிசோபிரேனியா என்ற சொல்லை 1908இல் தந்தவர் சுவிஸ்காரரான புளொய்லர். தமிழில் அதை மனப்பிளவு என்று சொல்லப்போய், ஒரு உடம்புக்குள் இரண்டு ஆள் என்று சினிமாக் கதை கட்டிவிட்டோம். அது அந்த வருத்தமே இல்லை.

அண்ணைக்குக் கரண்ட் வைத்தியம் என்றதும் நான் எழும்பி விட்டேன். தொழில்முறைச் சந்தேகம். டொக்டர் இருக்கச் சொன்னார். 1938இல் ரோமில் தொடங்கியது, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வோம், சாப்பிடாமல் சாகக் கிடக்கிறவருக்கும் இந்த மாதிரி மனச்சோர்வுக்கும் இதைப்போல் வேகமாகக் கேட்கிறது வேறில்லை என்றார். நாலாம் தரம் முடிந்த அடுத்த நாள் அண்ணை கோப்பையை வாயில் வைத்துவிட்டு, “என்ன இது, சீனி போடேல்லையோ?” என்று கேட்டார். அக்கா வெளியே போய் நின்று அழுதார். பிறகு சோகத்துக்கு ஒரு குளிசை, குரலுக்கு ஒரு குளிசை. முதல் டொக்டர் தந்தது பிழையான மருந்து அல்ல, இரண்டில் ஒன்று மட்டுமே. ஆறு மாதத்தில் அண்ணை கந்தோருக்குத் திரும்பினார். அந்தக் கிழமைகள் பலவும் அவர் நினைவில் இருந்து அழிந்து போயின. பொலிசுக்குப் போனது மெய்யா என்று கேட்டார். தேத்தண்ணி குடிக்கப் போனீர்கள் என்றேன்.

இத்தோடு எனக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதினால் வடிவாக இருக்கும். ஆனால் 1991இல் வெள்ளவத்தையில் சொந்தக்காரப் பையன் ஒருவன் அறைக்குள் படுத்துவிட்டான். இருபது வயது. தகப்பன் என்னிடம்தான் யோசனை கேட்டான். நான் அரைகுறை வைத்தியனாகிவிட்ட நேரம் அது. “கவலைதான் காரணம், அண்ணை தெளிந்த மாதிரித் தெளிவான், கொஞ்சம் பொறு” என்றேன். பையன் அழவில்லை, தன்னைக் குறை சொல்லவும் இல்லை. தான் நினைக்கப் போவதை ரேடியோச் செய்தியில் முந்தி வாசிக்கிறார்கள் என்று சொல்லித் தனக்குள் சிரித்தான். அந்தச் சிரிப்பை நானும் கண்டேன். கண்டும், எனக்குத் தெரிந்த ஒரே கதைக்குள் அவனை அடக்கப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டு எட்டு மாதம் பிந்தினார்கள். அந்த வருத்தத்தில் வைத்தியம் பிந்துவது நல்லதல்ல. இன்று அவன் மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறான். சனக்கூட்டம் பிடிக்காது, பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிப்பான். தகப்பன் இப்போதும் என்னைக் கண்டால் சால்வையை இறக்கிக் கும்பிடுகிறான். அதைத்தான் தாங்க முடிவதில்லை.

போன வருடம் எங்கள் மாடித் தொடரில் இருக்கும் ஒரு வயதான அம்மாவை ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவவுக்குச் சிங்களம் வராது, பிள்ளைகள் கனடாவில். போகும்போதே சொல்லி வைத்தேன், நீங்கள் சொல்கிறதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவேன் என்று. இளம் டொக்டர், மேசையில் தலை குனிந்து எழுதிக்கொண்டே கேள்வி கேட்டார். அம்மா சன்னக் குரலில் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் உரக்கச் சொன்னேன்: “என்னால்தான் பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள். எனக்குப் பசியில்லை. நான் எப்போதோ செத்துவிட்டேன், எரிக்க மறந்துவிட்டார்கள்.”

டொக்டர் பேனையை வைத்தார். கதிரையை என் பக்கம் திருப்பி, வெகு அன்பாகக் கேட்டார்: “ஐயாவுக்கு எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது?”